பிரச்சினை இல்லை, அன்ரி

வாக்குச்சாவடி மேசையில் இருந்த பெண் அடிமட்டத்தை வாக்காளர் இடாப்பின் மேல் வைத்து ஒவ்வொரு பெயருக்கும் கீழாக மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் அடிமட்டம். எங்கள் கட்டடத்தின் இலக்கங்களுக்கு வந்ததும் அதன் வேகம் குறைந்தது. அன்ரியின் வீட்டு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அதற்கு மேலே எதிர்வீட்டுக்காரர், கீழே பக்கத்து வீட்டுக்காரர். அந்தப் பெண் மறுபடியும் பக்கத்தின் மேலே போய் இன்னொரு தரம் தொடங்கினார். ஆரம்பப் பாடசாலை ஒன்றின் சாப்பாட்டு மண்டபம் அது; சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த வண்ணத்துப்பூச்சிகள். அன்ரி மாதா திருநாளுக்கு மட்டும் வெளியே எடுக்கும் நீலச் சீலையை உடுத்தி, வதிவிட விசா கார்ட்டை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவர்போல நின்றார். ஐம்பது வயதைக் கடந்த பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாக்களிக்க வந்திருந்தார். இரண்டாம் தரமும் அடிமட்டம் அதே இடத்தில்தான் நின்றது.

அவருடைய பெயர் அங்கே இல்லாமல் போனதற்குக் காரணம் நான். அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிட மோசம். இரண்டையும் இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

அன்ரி என்று நான் சொல்வது எங்களுக்கு மேல்வீட்டில் இருப்பவரை. கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், எங்கள் கட்டடத்தில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். நாங்களும் அன்ரி குடும்பமும் மன்னார்ப் பக்கம். அன்ரிக்கு வாக்களிக்கும் வயது வந்த காலத்தில் ஊர் இருந்த நிலையில் வாக்கைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. பிறகு கடல் கடந்து தமிழ்நாட்டு அகதி முகாமில் நீண்ட காலம். அங்கே வருகைப் பதிவுக்கு அவர் பெயர் இருந்தது, வாக்குச்சீட்டுக்கு இருக்கவில்லை. அதன்பிறகு லண்டன், புகலிட வழக்கு, வதிவிட உரிமை. விடியமுன் எழும்பிப்போய் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்து, மற்றவர்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் வீடு திரும்புவார். அங்கிளுக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒரே மகள் கலியாணம் கட்டிப் பாரிசுக்குப் போய்விட்டாள். ஆகவே வீட்டுக்கு வருகிற ஆங்கிலக் கடிதங்களெல்லாம் படியிறங்கி என்னிடம் வரும்.

அன்ரியினுடையது மட்டுமல்ல, ஐந்து வீட்டுக் கடிதங்களும் என்னிடம்தான் வந்தன. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா அதுவுமில்லை. எங்கள் பரம்பரையிலேயே முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான். பத்து வயதில் தொடங்கிய வேலை: கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், வீட்டுக்காரன் கடிதம். "பெடியனைக் கூப்பிடுங்கோ, லெட்டர் ஒண்டு வந்திருக்கு" என்றால் நான் போக வேண்டும். வாசித்துச் சொன்னால் சாப்பிட றோல்ஸ் கிடைக்கும், தலையில் ஒரு தடவலும் கிடைக்கும். வருடங்கள் போகப் போக எனக்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, சிவப்பு எழுத்து இருக்கிறதா, கட்ட வேண்டிய தொகை இருக்கிறதா, கடைசி அறிவித்தல் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் இல்லையென்றால் "பிரச்சினை இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்த இரண்டு சொல்லையும் கேட்டதும் எதிரே நிற்பவரின் தோள் இறங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். டொக்டர் மாதிரி ஒரு பெருமை.

கல்லூரியின் கடைசி வருடத்தில் குடிமை அறிவு என்றொரு பாடம் வந்தது. எங்கள் கல்லூரியில் என்ன படித்தாலும் (நான் படித்தது கணினி) இதில் தேறாமல் பட்டம் இல்லை. முதலில் ஒரு பரீட்சை: பாராளுமன்றம் என்ன செய்கிறது, கவுன்சில் என்ன செய்கிறது, யார் வாக்களிக்கலாம். அடுத்தது செயல்முறை. ஒருவர் தன் உரிமை ஒன்றைப் பயன்படுத்துவதற்குத் தொடக்கம் முதல் முடிவு வரை துணைநின்று அதை அறிக்கையாக எழுத வேண்டும். முடிவு வரை என்பதை விரிவுரையாளர் இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். நடுவில் நின்றுபோனால் அடுத்த வருடம் திரும்பச் செய்ய வேண்டும். பரீட்சைக்குப் படித்தபோதுதான் எனக்கே ஒரு விஷயம் தெரியவந்தது. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், இங்கே இருக்க அனுமதியுள்ள எங்கள் ஆட்கள் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே வாக்களிக்கலாம். அன்று பின்னேரமே பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்கு ஓடினேன்.

"பாஸ்போர்ட் இல்லாமலோ?" என்றார் அங்கிள். "உந்தப் புத்தகம் எழுதினவன் விசாவுக்கு அலைஞ்சு ஹோம் ஒபிஸ் வாசலை ஒரு நாளும் கண்டிருக்க மாட்டான்."

"சட்டம் அங்கிள். கொமன்வெல்த் ஆக்களுக்கு ஏலும்."

அன்ரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அப்ப இவ்வளவு காலமும் எங்களுக்கு வோட் இருந்ததோ?"

"ஓம் அன்ரி."

"இருந்தும் ஒருத்தரும் சொல்லேல்லை."

"போட்டுத்தான் பாருமன்," என்று அங்கிள் சிரித்தார். "உம்மட ஒரு வோட்டால லண்டன் மேயர் கவிண்டு விழப்போறார்."

"அவர் விழட்டும், இருக்கட்டும். ஊரில லிஸ்ட்டில பேர் இருந்தாலும் பயம், இல்லாட்டிலும் பயம். இஞ்ச பேர் இருந்தால் கூப்பிட்டு ஒரு தாள் தருவாங்களாம். என்ர பேரும் இருக்கட்டும். நீ போடு தம்பி."

போட்டேன். என் போனில், அவருடைய சமையலறை மேசையில் இருந்தபடி, பத்து நிமிடத்தில் விண்ணப்பம் முடிந்தது. அங்கிள் தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். அன்ரி அன்றிலிருந்து என்னைப் படியில் காணும்போதெல்லாம் ஏதாவது கேட்பார். பேனை கொண்டுபோக வேண்டுமா, பிழையாகப் போட்டால் வேறு தாள் தருவார்களா, உள்ளே போகும்போது கைப்பையை வெளியில் வைக்கச் சொல்வார்களா. அவ்வளவு கேள்விகளையும் நான் அறிக்கையில் எழுதிக்கொண்டேன். நல்ல விஷயங்கள் கிடைக்கின்றன என்று எனக்குச் சந்தோசம்.

மூன்று கிழமை கழித்துக் கவுன்சில் கடிதம் வந்தது. நான் நூலகத்துக்குப் போக அவசரமாகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம் அன்ரி அதைக் கொண்டுவந்தார். வாக்காளராகப் பதிய விண்ணப்பித்ததற்கு நன்றி என்று முதல் வரி. சிவப்பு இல்லை, தொகை இல்லை. "பதிஞ்சாச்சாம் அன்ரி. பிரச்சினை இல்லை," என்றேன். அன்ரி கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். என் முழு வாழ்க்கையிலும் அதைவிடக் கவனமாக வாசித்திருக்க வேண்டிய கடிதம் வேறொன்று இருந்ததில்லை. அதற்கு நான் கொடுத்தது, ஒரு கையில் கதவுத் திறப்போடு ஐந்து செக்கன்.

அறிக்கையைக் கொடுக்க வேண்டிய திகதி தேர்தலுக்கு ஒரு கிழமை முன்னதாக விழுந்தது. விரிவுரையாளர் வாசிக்கும்போது எப்படியும் தேர்தல் முடிந்திருக்கும் என்று, நடக்காததை நடந்துவிட்டதாக எழுதினேன். வாக்குச்சீட்டை மடிக்கும்போது அவருடைய கை நடுங்கியது என்று எழுதினேன். பெட்டிக்குள் அது விழுந்ததும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார் என்றும் எழுதினேன். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது, அந்த மடைத்தனத்தையும் மறைக்கப்போவதில்லை.

பிறகுதான் அந்தச் சாப்பாட்டு மண்டபம். பெயர் இல்லை என்றதும் அன்ரி பதறவில்லை. தன்னிடம் அத்தாட்சி இருக்கிறது என்ற நம்பிக்கையில் கைப்பையைத் திறந்து, அந்தக் கடிதத்தை விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி மேசையில் வைத்தார். அந்தப் பெண் முழுதாக வாசித்தார். அடுத்த பக்கத்தையும் திருப்பி வாசித்தார். அடுத்த பக்கம் ஒன்று இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, விபரங்களைச் சரிபார்க்க முடியாததால் அடையாளப் பத்திரம் ஒன்றின் பிரதியை அனுப்பச் சொல்லி இதில் கேட்டிருக்கிறார்கள், திகதியும் போட்டிருக்கிறது, அனுப்பவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"என்ன சொல்லுறா தம்பி?" என்றார் அன்ரி.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். "அவையின்ர கொம்பியூட்டரில ஏதோ பிழையாம் அன்ரி," என்றேன்.

அன்ரி என்னை ஒருமுறை பார்த்தார். கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். அந்தப் பெண்ணுக்கு "தாங்க் யூ" சொன்னார். வீடு வந்து சேர்ந்தோம். கதவைத் திறந்த அங்கிள், "என்ன, மேயர் விழுந்தாரோ?" என்று கேட்க, "கொம்பியூட்டர் பிழையாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அடுத்த நாளே விரிவுரையாளரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சொன்னால் அந்தப் பாடத்தில் தேற முடியாது, ஜூலையில் பட்டமில்லை. அப்பா ஏற்கெனவே வேலையில் அந்த நாளுக்கு லீவு கேட்டுவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்தில், "மகன் கிராஜுவேற் ஆகப்போறான்" என்று அம்மா ஒவ்வொருவராகச் சொல்லி முடித்துவிட்டார். இவற்றையெல்லாம் அப்போது பெரிய காரணங்களாக எனக்குள் அடுக்கி வைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்குத் தெரிகிற காரணம் ஒன்றுதான். நான் கடிதம் வாசிக்கத் தெரிந்த பெடியன், அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அறிக்கைக்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி கிடைத்தது. சிறந்த மூன்று அறிக்கைகளைக் கல்லூரியில் ஒரு பின்னேரம் வாசிக்க ஒழுங்கு செய்தார்கள். உதவி பெற்றவரையும் அழைத்து வரச் சொன்னார்கள். ஏதாவது சாட்டுச் சொல்லி அன்ரியை விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். ஆனால் அழைப்பிதழைக் கண்ட அம்மா என்னை முந்திக்கொண்டு மேலே ஏறிப்போய்ச் சொல்லிவிட்டார். அன்ரி வந்தார். நீலச் சீலை இல்லை; சாதாரண கறுப்புக் காற்சட்டையும் கோட்டும். அம்மா முதல் வரிசையில் இருந்தார். நான் வாசித்தேன். கை நடுங்கிய இடத்தில் மண்டபம் அமைதியாக இருந்தது, சிரித்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் விரிவுரையாளர் அன்ரியை மேடைக்கு அழைத்து, வாக்குச்சீட்டைப் பெட்டிக்குள் போட்ட அந்தக் கணத்தில் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டார். என்னிடம் திரும்பி, மொழிபெயர்க்கச் சொன்னார்.

"ஏதாவது சொல்லுங்கோ அன்ரி," என்றேன். கேள்வியைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை.

அன்ரி ஒலிவாங்கியை விட்டுச் சற்று விலகி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "அந்தப் பிள்ளை ரெண்டு தரம் தேடிப் பார்த்தது. நல்ல பிள்ளை. அதைச் சொல்லு."

நான் ஒலிவாங்கியில் ஆங்கிலத்தில் சொன்னேன்: "முதல் தடவையாக என் குரல் கேட்கப்பட்டதாக உணர்ந்தேன் என்கிறார்."

எழும்பி நின்று கைதட்டினார்கள். அம்மாவும் மற்றவர்களைப் பார்த்து எழும்பினார். அன்ரி இரண்டு கையையும் கூப்பிவிட்டு இறங்கிப்போய்த் தன் கதிரையில் இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா முன் இருக்கையில் இருந்து அப்பாவுக்குப் போன் எடுத்தார். "கேட்டியளோ, வெள்ளைக்காரர் எல்லாரும் எழும்பி நிண்டு தட்டினவை!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். நானும் அன்ரியும் பின்னால். அன்ரி யன்னலைப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார்.

"பதினாலு வருசம் இஞ்ச கிளீனிங் செய்யிறன் தம்பி. லெட்டர், கொப்பி, சென்ட், உந்த இங்கிலிஸ் சொல்லுகள் எனக்கு விளங்காதோ? அண்டைக்கு அந்தப் பிள்ளை உன்னட்டைக் கேட்டது எனக்கு விளங்கினது."

நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிழை விட்டிட்டன் அன்ரி எண்டு சொல்லுவாய் எண்டு பார்த்தன். வீடு வந்து சேரும்வரைக்கும் பார்த்தன். இண்டைக்கும் பார்த்தன்."

"அப்ப ஏன் அன்ரி அங்க ஒண்டும் சொல்லேல்லை?"

"உன்ர அம்மா முன்னுக்கு இருந்தவ."

அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பி, "என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" என்று சிரித்தபோது, "பெடியனுக்குக் களைச்சுப் போச்சு," என்று அன்ரிதான் பதில் சொன்னார். அன்றிரவு விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. அடுத்த கிழமை பெறுபேறு வந்தது, எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன். மின்னஞ்சலை அழித்தேன்.

யாரும் எதிர்பாராமல் அந்தக் கோடையிலேயே நாடு முழுக்கத் தேர்தல் அறிவித்தார்கள். இந்த முறையாவது ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடலாம் என்று, பதிவு முடிகிற நாளுக்கு நன்றாக முந்தியே மேலே போனேன். அன்ரி கதவை முழுதாகத் திறந்துதான் கதைத்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அது போன கிழமையே முடிஞ்சுது தம்பி. லைப்ரரியில ஒரு பிள்ளை செய்து தந்தது. இவருக்கும் சேர்த்துத்தான். திரும்பவும் லெட்டர் வந்தது, விசா கார்ட்டைக் கொப்பி அடிச்சு அனுப்பிப்போட்டன்." பிறகு தன் போனை எடுத்துக் காட்டினார். "இதை லெட்டருக்கு மேல பிடிச்சால் தமிழில காட்டுது. கொஞ்சம் கோணல் தமிழ். ஆனால் முழுக்கக் காட்டுது." முழுக்க என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

தேர்தல் நாளன்று பின்னேரம் நான் வேலை தேடிப் போன ஒரு நேர்முகம் முடிந்து வரும்போது, இருவரும் படியேறி வந்தார்கள். அன்ரி நீலச் சீலையில். அங்கிள் சேர்ட்டின் மேல் பட்டனையும் பூட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு. "மனுசி இழுத்துக்கொண்டு போயிட்டா. வரிசையில நிக்கேக்கையும் ஆருக்குப் போடப்போறா எண்டு சொல்லேல்லை. எனக்கே சொல்லேல்லை!" என்றார்.

"போட்டாச்சோ அன்ரி?"

"ஓம். போட்டாச்சு." அன்ரியின் முகத்தை அப்படி நான் அதற்குமுன் கண்டதில்லை. கை நடுங்கியதா, சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. பிறகு அவர், சாதாரணமாக, எல்லோரும் எல்லோரையும் கேட்பதுபோல, "நீ போட்டிட்டியோ?" என்று கேட்டார்.

ஓம் என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அவ்வளவு சுலபமான சொல். ஆனால் பஸ்ஸில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

"இல்லை அன்ரி. நான் பதியவே இல்லை."

அங்கிள் வெடித்துச் சிரித்தார். "என்னடா சொல்லுறாய்? உதுக்கெல்லே உனக்கு எழும்பி நிண்டு கை தட்டினவை!"

அதுதான் உண்மை. பரீட்சையில் யார் வாக்களிக்கலாம் என்ற கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்த நான், என் பெயரை ஓர் இடத்திலும் பதிந்திருக்கவில்லை. அன்ரியினுடையதை முடித்துவிட்டு என்னுடையதைச் செய்யலாம் என்று விட்டது, அறிக்கை முடிந்ததும் மறந்துபோனது. மே மாதம் அவரோடு போனபோதும், துணைக்கு வந்தவன் என்றுதான் மேசைக்கு ஒரு பக்கமாக நின்றேன். அன்ரி சிரிக்கவில்லை. அவருக்கு நான் சொன்ன முதல் நேரான பதில் அது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"போனை எடு," என்றார். "இந்த முறைக்கு ஆகாது. அடுத்ததுக்கு ஆகும்."

படியிலேயே இருந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். அவர் நீலச் சீலை படியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அனுப்பி முடித்ததும், "லெட்டர் ஏதும் வந்தால் மேல கொண்டு வா. நான் வாசிச்சுச் சொல்லுறன்," என்றுவிட்டு ஏறிப்போனார்.

பட்டமளிப்புக்கு அன்ரியும் வந்தார். போட்டோவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இப்போது நான் வேலை செய்கிறேன், அதே வீட்டில்தான் இருக்கிறேன். என் அறிக்கை இன்னமும் கல்லூரியின் இணையப் பக்கத்தில், புதிய மாணவர்கள் பார்த்து எழுதுவதற்கு மாதிரியாக இருக்கிறது. போன மாதம் ஒரு மாணவி அதை வாசித்துவிட்டு, அந்த அன்ரி சிரித்த இடத்தில் தான் அழுதுவிட்டதாக எனக்கு எழுதினாள். பிறகு, அதை எடுத்துவிடுங்கள் என்று விரிவுரையாளருக்கு ஒரு வரி எழுதினேன். மகிழ்ச்சியோடு எடுத்துவிடலாம், ஆனால் காரணம் என்னவென்று தெரியலாமா என்று பதில் போட்டிருக்கிறார்.

காரணம் இதுதான். இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் என் பட்டத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, விசாரித்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. அனுப்புவதற்கு முன் தமிழில் எழுதினேன், அன்ரிக்காக. அவர் வேலை முடிந்து வந்துவிட்டார், மேலே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது. இந்தத் தாள்களைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கப்போகிறேன். நான் வாசித்துக் காட்டப்போவதில்லை. அவரே வாசிக்கட்டும்.